பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும்

இன்று காலை பக்கத்து வீட்டம்மா என் கதவைத் தட்டி, ஒரு அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்து, "நாளைக்கு இதைக் கொண்டு வந்துடு, மறந்துடாதே" என்றார். உள்ளே அவர் பத்து நாளாக வீட்டில் போட்டு நடந்துகொண்டிருந்த புதுச் செருப்பு இருந்தது. பெட்டியின் கனம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருக்க வேண்டுமாம். வெறுங்காலோடு நின்று அதை அவ்வளவு தீவிரமாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

இங்கிலாந்தின் சண்டர்லாந்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் யாராவது கேட்டால் "செட்டில் ஆயாச்சு" என்றுதான் சொல்கிறேன். மருத்துவமனையில் வேலை, ஆற்றுக்கு வடக்கே ஒரு வரிசை வீட்டில் குடி, எந்தக் கிழமை எந்தக் குப்பைத் தொட்டியை வெளியே வைப்பது என்பதுவரை அத்துப்படி. கடலும் நடந்து போகிற தூரம்தான். ஆனால் ரோக்கர் கரையில் போய் நின்றால் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. குமரி மேற்குக் கரையில் தூத்தூர்ப் பக்கம் பிறந்து, தினமும் சூரியன் கடலில் விழுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது இன்னும் பழகவில்லை. கருவாடு வாசம் இல்லாத கரையும் பழகவில்லை.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

2025 மே 13, செவ்வாய்க்கிழமை. சண்டர்லாந்து கால்பந்து அணிக்குப் பிளே-ஆஃப் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம், நம்ம மைதானத்தில். கவென்ட்ரியில் நடந்த முதல் ஆட்டத்தை 2-1 என்று வென்றிருந்தோம். அன்றைக்கு ஷிப்ட் முடிந்து, மாற்று ஆள் வரத் தாமதமாகி, நான் வீடு வந்து சேரும்போது மணி பத்தரை. பக்கத்து வீட்டம்மாவுக்கு வந்த பார்சல் ஒன்று, இந்தச் செருப்புப் பெட்டிதான், காலையிலிருந்து என்னிடம் இருந்தது. அவர் வீட்டில் விளக்கு எரிந்தது, டிவி சத்தமும் கேட்டது. கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தட்டினேன். கதவைத் திறந்தவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "அங்கேயே நில்லு, அசையாதே" என்றார். கவென்ட்ரி ஒரு கோல் போட்டு இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கைச் சமன் செய்துவிட்டது, கூடுதல் நேரமும் முடிந்து 122-வது நிமிஷம், அடுத்தது பெனால்டிதான் என்ற நிலைமை. டிவியில் நம்ம என்சோ லு ஃபே கார்னர் அடிப்பதற்காகப் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் முதுகுப் பக்கம், ஆற்றுத் திசையிலிருந்து, ஒரு இரைச்சல் கிளம்பியது. ஊரில் ஆனி ஆடிக் கடல் பாறையில் வந்து மோதும்போது தரையே அதிருமே, அந்த மாதிரி. மைதானம் எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடைதான். டிவி சில விநாடி பிந்தித்தான் வரும். டிவியில் கார்னர் இன்னும் அடிக்கவே இல்லை, ஆனால் கோல் விழுந்த சத்தம் திறந்த கதவு வழியாக எங்கள் இரண்டு பேர் காதுக்கும் வந்துவிட்டது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் டிவியைப் பார்த்தோம். பந்து வந்தது, நம்ம டேன் பாலர்டின் தலை எழும்பியது. நடந்து முடிந்த ஒன்றை, மூச்சைப் பிடித்துக்கொண்டு, நடக்குமா நடக்குமா என்று பார்த்த அந்த மூன்று நான்கு விநாடியை நான் மறக்க மாட்டேன். எழுபது வயதுக்கு மேலான அந்த அம்மா ஓடி வந்து, பார்சல் நடுவில் நசுங்க, என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்கு முன்பு இரண்டு வருஷத்தில் எங்களுக்குள் இருந்தது 'குட் மார்னிங்' மட்டும்.

நாளை, மே 24, வெம்ப்ளியில் இறுதி ஆட்டம். எதிரே ஷெஃபீல்டு யுனைடெட். இங்குள்ள முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டாவது நிலையான சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக முதல் நிலையான பிரீமியர் லீக்குக்குப் போய்விடுவார்கள். மூன்றிலிருந்து ஆறுவரை வந்த நான்கு பேர் மீதமுள்ள ஒரே இடத்துக்காக மோத வேண்டும். 46 ஆட்டம் ஆடிய உழைப்பு கடைசியில் ஒரு சாயங்காலத்தில் வந்து நிற்கிறது. ஷெஃபீல்டு 90 புள்ளி, மூன்றாம் இடம். நாம் 76 புள்ளி, நான்காம் இடம். அவர்கள் அரையிறுதியில் பிரிஸ்டல் சிட்டியை இரண்டு ஆட்டத்திலும் 3-0 என்று அடித்துவிட்டு வருகிறார்கள். நாம் லீக்கின் கடைசி ஐந்து ஆட்டத்தையும் தோற்றுவிட்டுத்தான் பிளே-ஆஃபுக்குள்ளேயே நுழைந்தோம். கணக்குப் பார்த்தால் நம்பிக்கை வைக்க இடமில்லை. ஆனால் இந்த வாரம் முழுக்க வார்டில் கணக்குப் பேசிய ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. கண்ணாடி ஜன்னல்களில் சிவப்பு வெள்ளைக் கொடி. ஊசி போட்டுக்கொண்ட ஒரு பெரியவர், வலித்ததா என்று கேட்டதற்கு, "சனிக்கிழமை வலிக்கப்போறதைவிட இது ஒண்ணும் இல்ல" என்றார்.

நான் அறியாமல் ஒரு தப்பு செய்தேன். திங்கட்கிழமை தேநீர் நேரத்தில், "கண்டிப்பா ஜெயிச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டேன். அறையே அமைதியாகிவிட்டது. ஒருவர் மெதுவாக மர மேசையைத் தொட்டார். அதை இங்கே சொல்லக் கூடாதாம், நினைக்கலாம், சொல்லக் கூடாது. எனக்கு உடனே புரிந்தது. கடலுக்குப் புறப்படுகிறவனிடம் 'எங்கே போறே' என்று கேட்டு வளர்ந்தவர்களா நாம்? ஆள் போன உடனே வீட்டைப் பெருக்கினால் அம்மா விட்டுவிடுவாளா? காத்திருக்கிற ஊர்களுக்கெல்லாம் ஒரே மாதிரி புத்திதான் போலிருக்கிறது.

இது காத்திருந்து பழகிய ஊர். நம்ம மைதானமான ஸ்டேடியம் ஆஃப் லைட் நிற்கிற இடம் முன்பு மங்க்வியர்மவுத் நிலக்கரிச் சுரங்கம். 1993-இல் மூடினார்கள், 1997-இல் அதே மண்ணில் மைதானம் திறந்தார்கள். வாசலில் சுரங்கத் தொழிலாளர் கொண்டுபோகும் டேவி விளக்கின் பெரிய சிலை இருக்கிறது. ஆற்றில் கப்பல் கட்டும் தொழிலும் 1988-இல் முடிந்துபோனது. பக்கத்து வீட்டம்மாவின் கணவர் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர், இப்போது இல்லை. அவர் வேலைக்குப் போனால், திரும்பி வரும்வரை அவர் குடித்த கோப்பையைக் கழுவ மாட்டேன் என்று அந்த அம்மா போன வாரம் சொன்னார். நான் எங்கள் கரையைச் சொன்னேன். ஒக்கியைச் சொன்னேன். 2017 நவம்பர் கடைசியில் புயல் அடித்தபோது எங்கள் ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகுகள் எத்தனை, திரும்பியவை எத்தனை என்று கரையில் நின்று எண்ணியதைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கைமேல் கை வைத்திருந்தார். ஒரு கால்பந்து ஆட்டத்தை அதோடு சேர்த்துப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேச்சு அங்கேதான் போய் நின்றது.

இதே பிளே-ஆஃபின் 1998 இறுதி ஆட்டத்துக்கு அவரும் கணவரும் வெம்ப்ளி போயிருக்கிறார்கள். சார்ல்டனோடு 4-4, பெனால்டியில் 7-6 என்று தோல்வி. நமக்கு எதிராக மூன்று கோல் போட்ட க்ளைவ் மென்டோன்சா இதே சண்டர்லாந்தில் வளர்ந்தவர், கடைசிப் பெனால்டியைத் தவறவிட்ட மைக்கேல் க்ரேயும் இந்த ஊர்ப் பிள்ளை. அதைச் சொல்லும்போது இன்றும் அவர் குரல் இறங்குகிறது. 2019-இல், இன்னும் ஒரு நிலை கீழே கிடந்த காலத்தில், அதே சார்ல்டன் அதே வெம்ப்ளியில் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு மறுபடி தோற்கடித்தது. 2022-இல் விக்கமை 2-0 என்று வென்றுதான் அங்கிருந்து ஏறி வந்தார்கள். பிரீமியர் லீக்கை விட்டு இறங்கி எட்டு வருஷம். இந்த முறை அவர் மகன் போகிறான், இவரால் அவ்வளவு தூரம் முடியவில்லை. அதனால்தான் நானும் பெட்டியும்.

எனக்கு ஊரில் செவன்ஸ், அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஞாபகம் வராமல் இருக்குமா? திருவிழா டோர்னமென்ட், சாயங்கால மணல், கோட்டுக்கு வெளியே ஒரு அடி இடம் விடாமல் ஜனம். எங்கள் கரையில் பிள்ளைகள் நடக்கத் தொடங்குவதே பந்துக்குப் பின்னால்தான். சந்தோஷ் டிராபி தமிழ்நாடு அணிக்குப் போனவர்கள் உண்டு, இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் வரை போனார். என் அண்ணன் கோல்கீப்பர். ஒரு இறுதி ஆட்டத்துக்கு முந்தைய இரவு அவன் தூங்காமல், கிளவுஸை மடியில் வைத்துக்கொண்டு, நைந்த விரல் நுனியை மீன்வலை நூலால் தைத்துக்கொண்டிருந்தான். நான் விளக்கைப் பிடித்தேன். அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், கட்டன்சாயா போட்டு இரண்டு பேருக்கும் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் ஆட்டம் என்ன ஆனது என்பதைவிட அந்த ஊசி போன போக்குதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நாளைக்கு மூன்று மணிக்கு ஆட்டம், ஊரில் இரவு ஏழரை. இன்று அம்மாவிடம் பேசினேன். "ஜெபமாலை சொல்லுத நேரம்தானே மக்களே, உங்க டீமுக்கும் சேர்த்துச் சொல்லுதேன்" என்றாள். பக்கத்து வீட்டம்மா என்னை 'பெட்' என்று கூப்பிடுகிறார், இங்கே பெரியவர்கள் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவின் 'மக்களே'யை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று முன்பெல்லாம் யோசிப்பேன்.

ஒரே ஒரு பிரச்சினையைச் சாயங்காலம் நான்தான் எடுத்துச் சொன்னேன். வெம்ப்ளி லண்டனில் இருக்கிறது, நாளைக்குக் கதவைத் திறந்து வைத்தாலும் எந்த இரைச்சலும் முன்கூட்டி வராதே. அவர் அதையெல்லாம் யோசித்து முடித்திருந்தார். எண்பதாவது நிமிஷத்திலிருந்து நான் பெட்டியோடு வாசலில் நிற்க வேண்டும், கதவு திறந்தே இருக்கும், தெருவில் யார் வீட்டு டிவியாவது முந்தி வரும். கூடுதல் நேரம் போனால்? "நில்லு" என்றார். பெனால்டி போனால்? கொஞ்சம் யோசித்து, "அப்போ உள்ளே வா, என் பக்கத்துல உட்காரு" என்றார்.

அண்ணன் இப்போது கடலில் இருக்கிறான். ஜூன் 1 முதல் மேற்குக் கரையில் 61 நாள் தடைக்காலம், அதற்குள் கரை சேர்ந்துவிடுவார்கள். போய் மூன்று வாரம் ஆகிறது, சிக்னல் இல்லை. பாலர்ட் போட்ட கோலையே அவனுக்கு நான் இன்னும் சொல்லி முடியவில்லை. பத்து நாளாக அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கில் நிற்கிறது. இப்போதும் ஒன்று அனுப்பினேன்: "நாளைக்கு ஃபைனல். நான் வாசல்ல நிக்கணும். எல்லாம் வந்ததும் சொல்லுதேன்." பெட்டியைச் செருப்போடு கதவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.