சுருட்டும் திசையில் பிறக்கும் உலோகம்

காரைக்குடியில் முதுகலை மாணவர்களுக்குத் திண்மநிலை இயற்பியல் நடத்துகிறேன். அந்தப் பாடத்தில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி, கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழலான கார்பன் நானோகுழாய். ஒரே தனிமம், ஒரே வகைப் பிணைப்பு, ஏறத்தாழ ஒரே விட்டம். ஆனாலும் ஒரு குழாய் உலோகத்தைப் போல மின்சாரத்தைக் கடத்துகிறது, அதனருகே கிடக்கும் இன்னொன்றோ குறைக்கடத்தியாக இருக்கிறது. இதற்கான விதியைப் பாடநூல்கள் பலவும் ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிடுவதால், அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று விளக்க விரும்புகிறேன்.

0.142 நானோமீட்டர் இடைவெளியில் கார்பன் அணுக்கள் அறுகோணங்களாகக் கைகோத்து நிற்கும் ஒற்றையணுத் தாளே கிராஃபீன். அதைத் தையல் தெரியாமல் சுருட்டி மூடியது போன்ற அமைப்புடையது ஒற்றைச்சுவர் நானோகுழாய். செட்டிநாட்டு வீடுகளில் இருக்கும் ஓலைத் தடுக்கு ஒன்றைச் சுருட்டிப் பாருங்கள்: எந்தப் பக்கத்திலிருந்து சுருட்டுகிறோம் என்பதைப் பொறுத்து, கீற்றுகள் குழலின் நீளவாட்டில் நேராக ஓடும், அல்லது திருகிக்கொண்டு ஏறும். கிராஃபீனில் இந்தத் திசையை இரண்டு முழு எண்கள் குறிக்கின்றன. ஓர் அணுவிலிருந்து புறப்பட்டு, கட்டத்தின் ஒரு திசையில் முதல் எண் அளவும், அதற்கு 60 பாகை சாய்ந்த மறு திசையில் இரண்டாம் எண் அளவும் அடியெடுத்து வைத்துச் சேரும் அணு, சுருட்டும்போது புறப்பட்ட அணுவின் மேலேயே வந்து பொருந்துகிறது. (10,10) என்ற குழாயின் விட்டம் சுமார் 1.36 நானோமீட்டர்.

இனி எலக்ட்ரான்களைப் பார்ப்போம். எலக்ட்ரான்கள் நிறைந்த ஆற்றல் பட்டையும் (அதாவது அவை கொள்ளக்கூடிய ஆற்றல்களின் தொகுப்பும்) அதற்கு மேலுள்ள காலிப் பட்டையும் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் எளிதில் பாயும். கிராஃபீனில் இந்த இரண்டு பட்டைகளும், எலக்ட்ரான் அலைகளின் திசையையும் நெருக்கத்தையும் குறிக்கும் அலை எண்களின் வெளியில் உள்ள ஓர் அறுகோணத்தின் முனைகளில் மட்டுமே தொடுகின்றன. அத்தகைய முனையில் உள்ள எலக்ட்ரான் அலை, கட்டத்தின் ஒரு திசையில் ஓரடி நகரும்போது மூன்றில் ஒரு சுற்று முன்னேறுகிறது. மறு திசையில் ஓரடி நகரும்போது அதே அளவு பின்னடைகிறது. குழாயாகச் சுருட்டிய பிறகு, சுற்றளவை ஒருமுறை வலம் வந்த அலை தன்னோடு தானே பொருந்தியாக வேண்டும்; அதாவது மொத்தச் சுற்று முழு எண்ணாக அமைய வேண்டும். ஆகவே இரண்டு எண்களின் வேறுபாடு மூன்றால் மீதியின்றி வகுபட்டால் அந்த முனை அனுமதிக்கப்படுகிறது, குழாய் உலோகமாகிறது. மீதி வந்தால் முனை விலக்கப்படுகிறது, இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஆற்றல் இடைவெளி திறக்கிறது, குழாய் குறைக்கடத்தியாகிறது. முழு விதியும் இவ்வளவுதான். இத்தனை எளிமையான எண்கணிதம் ஒரு பொருளின் மின்குணத்தைத் தீர்மானிப்பதை ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு வியப்பு குறைவதேயில்லை.

இந்த ஆற்றல் இடைவெளியின் அளவு குழாயின் விட்டத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 1 நானோமீட்டர் விட்டமுள்ள குறைக்கடத்திக் குழாயில் அது ஏறத்தாழ 0.8 எலக்ட்ரான்வோல்ட். விதிக்குச் சிறிய விலகலும் உண்டு. (9,0) போன்ற குழாய்களில் வளைவு காரணமாக மிகச் சிறிய இடைவெளி தோன்றுகிறது. இரண்டு எண்களும் சமமாக உள்ள குழாய்கள் மட்டுமே இதிலிருந்து தப்புகின்றன.

ஜப்பானின் சுமியோ ஈஜிமா, ஒன்றினுள் ஒன்றாகப் பல குழாய்கள் அமைந்த பலசுவர்க் குழாய்களை 1991-இல் அறிவித்தார். மறு ஆண்டே கோட்பாட்டாளர்கள் இந்த விதியைக் கணித்துவிட்டனர். ஒற்றைச்சுவர்க் குழாய் கண்டறியப்பட்டதோ 1993-இல். வருடு சுரங்கப்பாய்வு நுண்ணோக்கியால் (scanning tunneling microscope) அணு அமைப்பையும் மின்குணத்தையும் ஒரே குழாயில் அளந்து 1998-இல் விதியை உறுதிசெய்தனர்.

நடைமுறைத் தடை இன்னும் இருக்கிறது. வழக்கமான முறைகளில் வளர்க்கும்போது இரு வகைகளும் கலந்தே வருகின்றன, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகம். டிரான்சிஸ்டருக்கு அந்தப் பங்கு ஆகாது, ஏனெனில் உலோகக் குழாயில் மின்னோட்டத்தை நிறுத்த முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 178 டிரான்சிஸ்டர்களுடன் 2013-இல் நானோகுழாய்க் கணினியை உருவாக்கியபோது, குறைக்கடத்திக் குழாய்களை அணைத்து வைத்துவிட்டு, மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்தி உலோகக் குழாய்களை மட்டும் எரித்து நீக்கினார்கள்.