கன்ட்ரோல் சி அமுக்கினா டிசைனே காணோம்

காரைக்குடியில டிடிபி கடை வச்சிருக்கேன், முக்காவாசி விசேஷப் பத்திரிகை வேலைதான். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட வழக்கமா வர்ற இலவச அப்டேட் நின்னுபோச்சு, பேங்க் வேலையும் இதே சிஸ்டத்துல பாக்குறோமேன்னு பயந்து 11-க்கு மாத்தினேன். ஒரே சாயங்காலத்துல ஏறிருச்சு. மறுநாள்தான் கூத்து.

கண்டனூர் ஆச்சி ஒருத்தங்க அவங்க வீட்டு சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி விசேஷம்) பத்திரிகைக்காகப் பக்கத்துல உக்காந்திருக்காங்க. நம்ம ஊர்ப் பத்திரிகைதான் தெரியுமே, பேருக்கு முன்னால ராம.அழ.சித.ன்னு விலாசம், அதாவது முன்னோர் பேரோட முதலெழுத்துங்க, நீளமா ஓடும், ஒரு எழுத்து மாறுனா வேற வீடு ஆயிரும், அதனால நான் திரும்ப அடிக்கவே மாட்டேன், பழைய ஃபைல்ல இருந்து காப்பி எடுத்துதான் போடுவேன். கன்ட்ரோல் சி அமுக்குனேன், டிசைன் சாஃப்ட்வேர் பொசுக்குன்னு மறைஞ்சிருச்சு. மறுபடி திறந்து கன்ட்ரோல் எஸ், அதுவும் அதே கதி. "என்ன தம்பி, இப்ப இருந்த பத்திரிகை எங்க?"ங்கிறாங்க ஆச்சி. ஆனா மவுஸ்ல ரைட் கிளிக் போட்டு காப்பி பண்ணா ஒண்ணும் ஆகல. அந்த இடத்துலயே நான் உஷாராகியிருக்கணும்.

சிபியூவைத் தூக்கிட்டு சர்வீஸ் கடைக்குப் போனேன். கீபோர்டு போச்சுன்னு 650 ரூபாய்க்குப் புதுசு தலையில கட்டுனாரு. அப்புறம் ரேம்னாரு, அப்புறம் ஃபார்மட் அடிச்சிரலாம்னாரு. பதினோரு வருஷத்து பத்திரிகை ஃபைலும் ஃபான்ட்டும் அதுலதான்யா இருக்குன்னு சண்டை போட்டுத் திருப்பி வாங்குறதுக்குள்ள பத்து நாளுக்கு மேல போச்சு. இதுல பெரிய நஷ்டம் என்னன்னா, மாத்துன பத்து நாளுக்குள்ளதான் செட்டிங்ஸ்ல ரெக்கவரி போய் பழைய விண்டோஸுக்கே திரும்ப முடியும், எனக்கு அந்தக் கெடுவும் அங்கயே முடிஞ்சிருச்சு. அதனால யார்கிட்ட குடுத்தாலும் முதல்ல நாளை எண்ணிக்குங்க.

வீட்டுக்கு வந்து நானே உக்காந்தேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூணையும் சேர்த்து அமுக்கினா ஸ்கிரீன்லயே ஒரு கீபோர்டு வரும். அதுல மவுஸால கன்ட்ரோல் சி தட்டுனேன், அப்பவும் மூடிக்கிச்சு. கீபோர்டு மேல தப்பே இல்ல, 650 தண்டம்.

விண்டோஸ் தன் கோளாறையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து அப்ளிகேஷன் லாக்ல சிவப்பு எர்ரரைப் பார்த்தா, விழுந்தது டிசைன் சாஃப்ட்வேர், ஆனா 'ஃபால்டிங் மாட்யூல்'னு, அதாவது தப்பு பண்ண பகுதின்னு போட்டிருக்கிற இடத்துல வேற ஒரு டிஎல்எல் (புரோகிராமோட துணை ஃபைல்) பேரு. நாம எப்பவோ ஏத்துன பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோடது! அந்த மாதிரி சாஃப்ட்வேர் நாம அடிக்கிற ஒவ்வொரு கீயையும் நடுவுல பிடிச்சுப் பார்த்துட்டுத்தான் விடும், அதுக்காக ஓடுற மத்த புரோகிராமுக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். பழைய வெர்ஷன் புது விண்டோஸோட ஒத்துப்போகல, தான் விழுந்ததோட டிசைனையும் இழுத்துப்போட்டு விழுந்திருக்கு. அந்த ஒரு வரி முதல் நாள்ல இருந்தே அங்கதான் கிடந்திருக்கு, சர்வீஸ்காரர் திறந்துகூடப் பாக்கல.

அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் போட்டேன், திரும்பவும் விழுது! எனக்கு அழுகையே வந்துருச்சு. டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பக்கத்துல பார்த்தா அதோட குட்டி ஒண்ணு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. அதை டிசேபிள் பண்ணி, ஃபோல்டரையும் அழிச்ச பிறகுதான் அடங்குச்சு. உங்களுக்கு இப்படி பேரு கிடைக்கலைன்னா எம்எஸ்கான்ஃபிக்ல (விண்டோஸோட எதெது ஓடணும்னு தேர்வு பண்ற இடம்) சர்வீஸ் எல்லாத்தையும் நிறுத்திப் பாதிப் பாதியா ஆன் பண்ணிப் பாருங்க, ஆனா மைக்ரோசாஃப்ட் சர்வீஸை மறைக்கிற டிக்கை முதல்ல போட்டுருங்க, இல்லாட்டி நெட்டு வரைக்கும் எல்லாம் படுத்துரும்.

இப்ப விண்டோஸோடவே வர்ற தமிழ் 99 கீபோர்டு முறையிலதான் அடிக்கிறேன். ஆச்சி பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயிருச்சு. மொழி மாத்த விண்டோஸ் ஸ்பேஸ் அமுக்கணும், விரல் மட்டும் இன்னும் பழைய கீக்கே போகுது.