விலாங்கு ஆடிய ஆட்டம்

மெல்பர்னிலிருந்து கிழக்கே ரயிலில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பேர்ன்ஸ்டேல். கிப்ஸ்லாந்து ஏரிகளைப் பார்க்கத்தான் போனோம். பள்ளி விடுமுறை வாரம். ஊருக்குள் ஒரு சின்னக் கூடத்தில் குழந்தைகளுக்காக ஆட்டமும் பொம்மலாட்டமும் சேர்ந்த கதை நிகழ்ச்சி என்று தங்கிய இடத்தில் சொன்னார்கள். ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எல்லோருக்கும் தரையில்தான் இடம். கதை சொன்ன அம்மா குனாய்குர்னாய் என்ற ஆஸ்திரேலியப் பூர்வகுடி இனத்தவர். கிப்ஸ்லாந்தின் பெரும்பகுதி அவர்களுடைய பூர்வீக மண். அந்த உரிமையை நீதிமன்றம் 2010இல் அங்கீகரித்தது. மண்ணுக்கும் மூத்தோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். படம் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் இந்தப் பதிவில் படம் இல்லை.

டிட்ஜெரிடூ ஊதுவார்கள் என்று நினைத்திருந்தேன். அது வடக்கே ஆர்னம் லேண்ட் பக்கத்து வாத்தியமாம். இந்தப் பக்கம் பெண்கள் போசம் என்ற விலங்கின் தோலை மடித்து மடியில் வைத்துத் தட்டுவது வழக்கம். பக்கத்தில் ஒருவர் இரண்டு மரக்கோல்களை மோதினார். தோலின் அந்தத் 'தும்' சத்தம் தரை வழியாக உடம்புக்குள் ஏறியது.

கதை டிடாலிக் என்ற பெருந்தவளையைப் பற்றியது. ஒருநாள் அதற்குத் தாகம் எடுக்கிறது. ஆறு, குளம், ஏரி எல்லாவற்றையும் குடித்துத் தீர்த்துவிடுகிறது. துணியால் செய்த தவளைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். கூடம் முழுக்க விரித்திருந்த நீலத் துணியை அது வாயால் இழுக்க இழுக்க வயிறு உப்பிக்கொண்டே போனது. எங்கள் காலடியில் கிடந்த துணியும் போய்விட்டது. மகள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தவளையைச் சிரிக்க வைத்தால்தான் தண்ணீர் திரும்பும். உடம்பில் வெள்ளைக் களிமண் கோடு போட்ட இளைஞர்கள் ஒவ்வொரு விலங்காக வந்து ஆடினார்கள். கங்காரு குதித்தது, பல்லி இரண்டு காலில் நடந்தது, கூக்கபரா என்ற பறவை தன் கதைக்குத் தானே சிரித்தது. தவளை அசையவில்லை. கடைசியில் விலாங்கு. ஒரு பையன் தன்னைவிட நீளமான விலாங்குப் பொம்மையைத் தோளில் சுற்றிக்கொண்டு வந்தான். முதலில் மெதுவாக நெளிந்தான். தாளம் ஏற ஏற, பொம்மை எது, பையன் எது என்றே தெரியவில்லை. வளையமாச்சு, முடிச்சாச்சு, வாலில் நின்றது. தவளையின் உதடு லேசாகத் துடித்தது. குழந்தைகள் அதைப் பார்த்துவிட்டார்கள், கத்தல் தாங்கவில்லை. அப்புறம் ஒரே சிரிப்பு! நீலத் துணி மொத்தமும் எங்கள் தலைக்கு மேல் பாய்ந்து வந்தது.

இந்தக் கதையைச் சிறுவர் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதில் விலாங்கின் ஆட்டம் ஒரே ஒரு வரி. ஆனால் கதையில் தண்ணீரை மீட்டதே அந்த ஆட்டம்தான். அதை ஆடித்தான் காட்ட வேண்டும், அதுவும் அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களே ஆட வேண்டும். துணிக்கு அடியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை மிட்செல் ஆற்றங்கரைக்குப் போனோம். மகள் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, விலாங்கு இங்கேதான் தூங்குமா?"

இந்த ஆறுகளில் விலாங்கு உண்டு என்றேன். தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று, அதன் பிறகு கிசுகிசுத்துத்தான் பேசினாள்.