விமானம் மாறிப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போதே பார்க்க வேண்டியவை

விமான நிலையக் கவுண்டரில் நின்று வாதாடுகிறவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவர்களுடைய சிக்கல் அங்கே முளைத்தது இல்லை, டிக்கெட் எடுத்த அன்றே முளைத்தது. கவுண்டரில் இருப்பவர் தன் முன்னால் இருக்கும் திரையை வைத்துத்தான் முடிவெடுக்கிறார். திரையில் இருப்பதும் உங்கள் கையில் இருக்கும் தாள்களும் ஒத்துப்போனால் ஐந்து நிமிட வேலை. ஒத்துப்போகாவிட்டால், அவருக்கு உங்கள் மேல் இரக்கமே வந்தாலும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அதனால் பெட்டி கட்டுவதெல்லாம் பிறகு. முதலில் டிக்கெட்.

நேரடி விமானம் இல்லாத இடத்துக்குத் தேடினால் இரண்டு வகைப் பயணம் கண்ணில் படும். ஒன்று, கிளம்பும் இடம் முதல் சேரும் இடம் வரை ஒரே டிக்கெட். மற்றது, இரண்டு தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒன்றுபோலக் காட்டுவது. தேடல் பக்கத்தில் இரண்டும் ஒரே தோரணையில்தான் இருக்கும், பல சமயம் இரண்டாவது மலிவாகவும் இருக்கும். வித்தியாசம் முதல் விமானம் தாமதமாகும்போதுதான் தெரியும். ஒரே டிக்கெட் என்றால், அடுத்த விமானத்தைத் தவறவிட்ட உங்களை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது விமான நிறுவனத்தின் வேலை. தனித்தனி டிக்கெட் என்றால், இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். அந்த டிக்கெட் பெரும்பாலும் போனதுதான்.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க, பி.என்.ஆர். என்ற ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீட்டை நம்ப வேண்டாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்கள் இருந்தால் ஆளுக்கொரு பி.என்.ஆர். வரலாம். இரண்டு தனி டிக்கெட்டுக்கு இணையதளமே ஒரு பதிவு எண்ணைக் கொடுத்துவிடவும் கூடும். பார்க்க வேண்டியது இ-டிக்கெட் எண். அது 13 இலக்கம், முதல் மூன்றும் டிக்கெட்டை வழங்கிய நிறுவனத்தின் குறியீடு. எல்லா விமானங்களுக்கும் எதிரே இதே எண் இருந்தால் ஒரே டிக்கெட். பயணத்தில் நான்கு விமானங்களுக்கு மேல் இருந்தால் ஐந்தாவதிலிருந்து அடுத்த எண் தொடரும், அதுவும் ஒரே டிக்கெட்தான். ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அது தனித்தனி. சில இணையதளங்கள் ‘கனெக்‌ஷன் தவறினால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று உத்தரவாதம் தரும். அது அந்தத் தளம் தரும் வாக்கு. நடு இரவில் கவுண்டரில் நிற்கும்போது விமான நிறுவனத்திடம் அது செல்லாது.

தனி டிக்கெட்டில் பணம் போவதைவிடப் பெரிய சிக்கல் விசா. பெட்டி இடையிலிருக்கும் விமான நிலையத்தோடு நின்றுவிடும். அதை எடுக்க வேண்டுமென்றால் இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்தாக வேண்டும், மறுபடி செக்-இன் செய்தாக வேண்டும். அதாவது, மூன்று மணி நேரம் மட்டும் நிற்கப்போகும் நாட்டுக்கும் உள்ளே நுழையும் அனுமதி தேவை. அது இல்லாவிட்டால் கிளம்பும் ஊரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில நாடுகளில் தப்பிக்க முடியாது. அமெரிக்கா வழியாக வேறு நாட்டுக்குப் போகிறவர்களும் அங்கே இமிக்ரேஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். விசா வேண்டிய நாட்டினர் என்றால் வெறும் மாறிச் செல்வதற்கும் விசா வேண்டும். ஐரோப்பாவில் ஒரே விசா செல்லும் ஷெங்கன் நாடுகளில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறுவதற்கே சில நாட்டினர் தனி டிரான்சிட் விசா எடுக்க வேண்டியிருக்கிறது.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஒன்று வகுக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே ஒரே டிக்கெட்டாக விற்க மாட்டார்கள். ஆனால் அது எல்லாம் சரியாக நடந்தால் போதுமான நேரம். பெரிய விமான நிலையத்தில் ஒரே டிக்கெட்டில் மாறுவதற்கு இரண்டு மணி நேரம், டெர்மினல் மாற்றமோ இமிக்ரேஷனோ குறுக்கிட்டால் மூன்றுக்கு மேல், தனி டிக்கெட் என்றால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் என்பது என் கணக்கு. இதோடு இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: நீங்கள் பிடிக்கப்போகும் இரண்டாவது விமானத்துக்குப் பிறகு அன்றைக்கே அதே ஊருக்கு வேறு விமானம் உண்டா? அதுதான் அன்றைய கடைசி விமானம் என்றால், தவறினால் ஒரு ராத்திரி அங்கேதான். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடும் தடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தேதியில் ஏமாறுகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00.15 மணி என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14-ஆம் தேதி மாலை. விடுதிப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், வாடகை வண்டி எல்லாவற்றிலும் இந்தத் தவறு தொற்றிக்கொள்ளும். டிக்கெட்டில் உள்ள நேரமெல்லாம் அந்தந்த ஊர் நேரம். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ இருந்தால் மறுநாள் என்று பொருள், விடுதியை அந்தத் தேதியிலிருந்து பதிவு செய்தால் போதும். ஆனால் காலை ஆறு மணிக்கு இறங்குகிறீர்கள், அறை மதியம்தான் கிடைக்கும் என்றால் முந்தின இரவையும் சேர்த்துப் பதிவு செய்வதா என்று முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கண்ணி. முதல் விமானத்தை விட்டுவிட்டு நடுவில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். முதல் பகுதியில் ஏறாவிட்டால் மிச்சமுள்ள பகுதிகள், திரும்பும் டிக்கெட் உட்பட, பெரும்பாலும் தானாக ரத்தாகிவிடும்.

அடுத்தது பெயர். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கத்தின் அடியில், கணினி படிப்பதற்காக இரண்டு வரிகள் இருக்கும், வரிக்கு 44 எழுத்திடம். முதல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து குடும்பப் பெயர், பிறகு இரண்டு அம்புக்குறிகள், பிறகு சொந்தப் பெயர். டிக்கெட்டில் போட வேண்டியது இந்த வரியில் உள்ளபடி. கூப்பிடும் பெயரோ, வங்கி அட்டையில் இருக்கும் சுருக்கமோ உதவாது. டிக்கெட்டில் பெயர்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி, வாலில் ‘எம்ஆர்’ (Mr, அதாவது திரு) சேர்ந்து வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம், அது பதிவு முறையின் பழக்கம். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட இணையதளம் சம்மதிக்காது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், சில அந்தப் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, சொந்தப் பெயர் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போடச் சொல்லும். ஊகித்து நிரப்பாமல் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்தோ கேட்டோ போடுங்கள். இரண்டு நிறுவனங்கள் ஓட்டும் டிக்கெட் என்றால் டிக்கெட்டை வழங்கியவரிடம் கேளுங்கள். எழுத்துப் பிழையை எடுத்த அன்றைக்கே சொன்னால் திருத்துவது எளிது. இடைத்தரகுத் தளத்தில் எடுத்திருந்தால் விமான நிறுவனம் உங்களை அங்கேயே திருப்பி அனுப்பும், இரண்டுக்கும் நடுவில் நாட்கள் ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் நேராக நிறுவனத்திடமே எடுப்பது நல்லது.

பாஸ்போர்ட் காலாவதி ஆகவில்லை என்பது மட்டும் போதாது. பல நாடுகள் ஆறு மாதம் மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன. ஷெங்கன் நாடுகளில், அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதம் மிச்சமிருக்க வேண்டும், வழங்கிப் பத்து ஆண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். காலிப் பக்கங்கள் வேண்டும் என்று கேட்கும் நாடுகளும் உண்டு. செக்-இன் செய்பவர் இதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. ‘டைமேட்டிக்’ என்ற தரவுத்தளத்தில் உங்கள் குடியுரிமை, சேரும் நாடு, வழியில் மாறும் நாடு ஆகியவற்றைப் போட்டுப் பார்க்கிறார். தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவருவதும் பல நாடுகளில் அபராதமும் நிறுவனத்தின் தலையில் விழும், அதனால்தான் அவ்வளவு கறார். அதே தகவலைப் பயணிகளும் பார்க்கும்படி பல விமான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கும் நாடு என்றால் கடைசி நேரத்தில் போட்டுப் பயனில்லை. முதல்முறை போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுதும் செல்லும்.

பெட்டிக்கு வருவோம். எடை அளவு டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். 23 கிலோ என்பது பரவலாக உள்ள அளவு. அதற்கு மேல் கூடுதல் கட்டணம். 32 கிலோவுக்கு மேல் ஒற்றைப் பெட்டியாகப் பெரும்பாலான இடங்களில் வாங்கவே மாட்டார்கள், இரண்டாகப் பிரித்துத்தான் கொடுக்க வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. 100 வாட்-ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை, 100 முதல் 160 வரை நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்கு மேல் கிடையாது. வாட்-ஹவர் அச்சிடாமல் மில்லி ஆம்பியர்-ஹவர் (mAh) மட்டும் இருந்தால் அதை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். 20,000 என்றால் 74. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைச் சோதனையில் பறித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. இதில் பலரும் மறப்பது, விமானம் ஏறும் கேட்டில் நடப்பது: மேலே இடமில்லை என்று கைப்பெட்டியை வாங்கி அடியில் போடுவார்கள். பின்னால் வரிசை நெருக்கும், அந்த அவசரத்தில் பவர் பேங்க், மருந்து, வீட்டுச் சாவி எல்லாம் பெட்டியோடு போய்விடும். இவற்றைக் கைப்பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னப் பையில் தனியாக, ஜிப்பைத் திறந்ததும் கையில் வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

திரவங்கள்: கைப்பையில் வரம்பு 100 மி.லி. அதற்குப் புட்டியின் கொள்ளளவுதான் கணக்கு, உள்ளே மிச்சமிருப்பது அல்ல. 200 மி.லி. புட்டியின் அடியில் கொஞ்சம் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான். சில விமான நிலையங்கள் புதிய ஸ்கேனர் வைத்து 100 மி.லி. வரம்பைத் தளர்த்தியிருக்கின்றன. நீங்கள் மாறும் இடத்தில் பழைய விதியே இருந்தால் அங்கே பிடுங்கிவிடுவார்கள், ஆகவே கடுமையான விதிக்கே தயாராகுங்கள். டியூட்டி ஃப்ரீயில் வாங்கியதை ரசீதோடு முத்திரையிட்ட பையில் தருவார்கள். கடைசி ஊர் சேரும்வரை அதைப் பிரிக்கக் கூடாது.

மருந்தை அதன் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு கொண்டுபோங்கள். சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும், வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். சளிக்கான சாதாரண மாத்திரையும் சில நாடுகளில் சிக்கல். சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் உள்ளதை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

போனில் ஒரே ஒரு வேலை முக்கியம். வங்கி ஓ.டி.பி. வீட்டு எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மைக் கழற்றி வெளிநாட்டு சிம் போட்டுவிட்டால் அட்டை செல்லும், ஆனால் இணையத்தில் பணம் கட்ட முடியாது. கிளம்பும் முன்பே ரோமிங்கைச் செயல்படுத்தி, டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டு, டேட்டாவுக்கு இ-சிம் வைத்துக்கொண்டால் இரண்டும் நடக்கும். கடையில் அட்டை தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணமா, உள்ளூர்ப் பணமா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். மற்றதில் மாற்று விகிதத்தை வைப்பது உங்கள் வங்கி இல்லை, கடைக்காரர் தரப்பு.

செக்-இன் கவுண்டரை விட்டு நகரும் முன் பெட்டியில் ஒட்டிய டேகைப் படியுங்கள். பெரிதாக மூன்று எழுத்து இருக்கும், அது பெட்டியின் கடைசி ஊர். நீங்கள் போகும் ஊரின் குறியீடாக இல்லாமல் நடுவில் மாறும் ஊரின் குறியீடாக இருந்தால் அங்கேயே கேளுங்கள். அமெரிக்கா போல, முதலில் நுழையும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் காட்டி மறுபடி ஒப்படைக்க வேண்டிய நாடுகளும் உண்டு. அங்கே டேகில் கடைசி ஊர் இருந்தாலும் பெரும்பாலும் பெட்டி வரும் பெல்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பழைய பயணத்தின் டேகுகளை, சின்ன பார்கோடு ஸ்டிக்கர் உட்பட, வீட்டிலேயே உரித்துவிடுங்கள். ஸ்கேனர் பழையதைப் படித்தால் பெட்டி வேறு வழியில் போகும். பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பத்து இலக்க எண் உள்ள ரசீதையும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெல்ட்டில் பெட்டி வராமல் போகலாம். சுங்கத்தைத் தாண்டி வெளியே போவதற்கு முன், பெட்டி தேடும் கவுண்டரில் பி.ஐ.ஆர். என்ற புகார்ப் பதிவு எண்ணை வாங்குங்கள். வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். இரண்டு நிறுவனங்கள் ஓட்டிய பயணம் என்றால் கடைசியாக ஏற்றிவந்த நிறுவனத்திடம் புகார் செய்வது வழக்கம். உடைந்து வந்தால் ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள். 21 நாளாகியும் வராவிட்டால் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்லும் கணக்கு இது. இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அது மேல்வரம்புதான், அப்படியே தந்துவிட மாட்டார்கள். காத்திருந்த நாட்களில் வாங்கிய உடைக்கும் பல் துலக்கும் சாமானுக்கும் ரசீது கேட்பார்கள், துணிப்பெட்டிக்குள் என்ன இருந்தது என்று பட்டியலும் கேட்பார்கள். பெட்டியை மூடுவதற்கு முன் திறந்தபடி எடுத்த ஒரு படம் அந்தப் பட்டியலை எழுத உதவும்.