ஆறு காருக்கான இடம்

2025 டிசம்பர் 11, காலை எட்டு மணிகூட ஆகவில்லை. அப்பா அதற்குள் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். "மூணு பட்டன் அம்மணி. வெள்ளை, ரோஸ், நீலம்" என்றார், ஏதோ நான் வெளியூர்க்காரி மாதிரி. கேரளத்துப் பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரே ஆள் மூன்று ஓட்டுப் போடவேண்டும்: கிராமப் பஞ்சாயத்துக்கு, பிளாக்குக்கு, ஜில்லாவுக்கு. எதற்காவது போட இஷ்டமில்லை என்றால் 'எண்ட்' பட்டனை அமுக்கிவிட்டு வந்துவிடலாம். அப்பா அந்தப் பட்டனைத் தொட்டதே இல்லை. இலையில் விழுந்ததை மிச்சம் வைக்கிற ஆளும் இல்லை அவர்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள்: "உனக்கு அங்க, அயர்லாந்துல ஓட்டு உண்டா?"

உண்டு என்றதும் அவளால் நம்ப முடியவில்லை. எனக்கே நம்ப ஒரு வருஷம் ஆயிற்று.

நாங்கள் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கிழக்கே கொஞ்சம் போனால் பொள்ளாச்சிக்காரர்களின் தோட்டம். எங்கள் சித்தூர் தாலுகா ஒரு காலத்தில் கொச்சி சமஸ்தானத்தின் தனித்துண்டு. பக்கத்துப் பாலக்காடு மதராஸ் மாகாணத்தில் இருந்தது. அந்தக் குழப்பம் இன்னும் எங்களை விட்டுப் போகவில்லை. பேசுவது கோயமுத்தூர்த் தமிழ், ரேஷன் கார்டில் மலையாளம். தமிழர்கள் நிறைய என்பதால் வாக்குச்சீட்டில் பெயர்களைத் தமிழிலும் அச்சடிக்கிறார்கள். அயர்லாந்துக்குப் போன பிறகும் இதே கதைதான். "பாலக்காடா? அப்போ மலையாளியாங்க?" என்று தமிழர்கள் கேட்பார்கள். மலையாளிகள், "நீ தமிழல்லே?" என்பார்கள். ஐரிஷ்காரர்களுக்கு நாங்கள் எல்லோருமே 'இந்தியன் நர்ஸ்'. அது ஒருவகையில் நிம்மதி.

2021இல் நான் வந்து சேர்ந்தது அயர்லாந்தின் மேற்கே ஒரு நடுத்தர ஊர். ஆஸ்பத்திரியில் காலை ஏழரைக்கு டூட்டி. வாடகை வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் ஒன்றுதான், அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் போயிருப்பார். முதல் மூன்று மாதம் டாக்ஸிக்கே சம்பளத்தில் ஒரு துண்டு போனது. அப்புறம் கூட வேலை செய்கிற ஒரு திருச்சூர் சேச்சி சொன்னாள், "சைக்கிள் ஓட்டத் தெரியுமல்லே?"

தெரியுமாவா! அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துப் பழகியவள் நான். பால் கேன் தொங்கவிட்ட சைக்கிளும் கள்ளுக் குடம் கட்டின சைக்கிளும் போகிற ரோட்டில்தான் பள்ளிக்கூடம் போனேன். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து அடிக்கிற காற்றில் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தால்தான் சைக்கிள் நகரும். அட்லாண்டிக் காற்றும் கிட்டத்தட்ட அப்படித்தான். மழைதான் வேறு ரகம். மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து காதுக்குள் போகும்.

அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு சைக்கிள் வாங்க ஒரு திட்டம் இருக்கிறது. 2009இல் தொடங்கியது. சைக்கிளை வேலை கொடுத்தவர் வாங்கித் தருவார். அதற்கான பணத்தை வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார். சாதாரண சைக்கிளுக்கு 1,250 யூரோ வரை, மின்சார சைக்கிளுக்கு 1,500 வரை. வரி மிச்சமாவது நமக்கு லாபம். நான் சாதாரணமானதையே எடுத்தேன். இரண்டு விளக்கு, ஒரு மஞ்சள் கோட்டு. அங்கே டிசம்பரில் விடிய எட்டரைக்கு மேல் ஆகும். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். போவதும் இருட்டு, வருவதும் இருட்டு.

வழியில் ஒரு ரவுண்டானா. அதற்கு முன்னால் வரிசையாக ஐந்தாறு கடைகள்: ஒரு முடிதிருத்தகம், மருந்துக்கடை, சிப்ஸ் கடை. அதுவரை ரோட்டோரம் வெள்ளைக் கோடு போட்ட சைக்கிள் தடம் சமர்த்தாக வரும். கடைகள் ஆரம்பிக்கிற இடத்தில் சட்டென்று முடிந்துபோகும். அங்கே ஆறு கார் நிறுத்த இடம். நிற்கிற கார்களுக்கும் ஓடுகிற கார்களுக்கும் நடுவில் நான். ஒரு நாள் காலை நின்றிருந்த காரின் கதவு திறந்தது. நான் விழவில்லை. ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பியபோது பின்னால் வந்த வேன் ஹாரன் அடித்ததும், கதவைத் திறந்தவர் கையிலிருந்த காப்பி அவர் சட்டையிலேயே கொட்டியதும் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். டூட்டியில் முதல் ஒரு மணி நேரம் எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, ஊசி போடுகிறவளுக்கு.

யாரிடம் சொல்வது? எங்கள் ஊரில் என்றால் மெம்பர் வீட்டுக்குப் போய் நின்றுவிடலாம். "மெம்பரே, இந்த ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி வேணும்" என்று அப்பா வாசலிலிருந்தே கத்துவார். அங்கே யார் மெம்பர் என்றே எனக்குத் தெரியாது. நமக்கென்ன, வந்தேறிகள்தானே என்று இருந்துவிட்டேன்.

அயர்லாந்தில் உள்ளாட்சித் தேர்தலுக்குக் குடியுரிமை தேவையில்லை என்று சொன்னதும் அந்தத் திருச்சூர் சேச்சிதான். 18 வயதாகி, அங்கே குடியிருந்தால் போதும். பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஓட்டு உண்டு. நாடாளுமன்றத் தேர்தலில் எங்களுக்கு இடமில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் இல்லை. ஆனால் ரோடும் குப்பைத்தொட்டியும் தெருவிளக்கும் பேசுகிற கவுன்சிலுக்கு உண்டு. போட்டியும் இடலாம். அங்கமாலியிலிருந்து வந்த பேபி பெரேப்பாடன் 2024இல் தெற்கு டப்ளின் கவுன்டியின் மேயரே ஆனார். அந்த வாரம் எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் மலையாளம் கொஞ்சம் உரக்கவே கேட்டது.

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை தேர்தல். நாடு முழுக்க 31 கவுன்சில், 949 இடம். ஒரு மாதம் முன்பே விளக்குக் கம்பங்களில் முகங்கள் ஏறிவிட்டன. நம் ஊரில் சுவரெழுத்து எப்படியோ, அங்கே கம்பத்தில் பிளாஸ்டிக் அட்டை. கருப்பு கேபிள் டையால் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். தேர்தல் முடிந்து ஏழு நாளைக்குள் கழற்றியாகவேண்டும் என்று சட்டம். அட்டைகள் போய்விடும், கேபிள் டைகள் மட்டும் வருஷக்கணக்கில் கம்பத்தில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

நைட் டூட்டி இடைவேளைகளில் உட்கார்ந்து படித்தேன். கவுன்சிலர்கள் கையில் அதிகாரம் கொஞ்சம்தான். அன்றாட நிர்வாகம் அதிகாரிகளிடம். (அதே நாளில் லிமெரிக்கில் மட்டும் மக்கள் நேரடியாக ஒரு மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஜான் மோரன். அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி அங்கே அவரிடம் போனது.) ஆனால் அந்தக் கொஞ்சத்தில்தான் என் ரவுண்டானா மாட்டிக்கொண்டிருந்தது. வேக வரம்பைத் தீர்மானிப்பது கவுன்சிலர்கள். ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுப்பதும் அவர்களே. அப்புறம் 'பகுதி 8' என்று ஒன்று: கவுன்சில் ஒரு ரோட்டை மாற்றியமைக்க நினைத்தால் வரைபடத்தை வெளியிட்டு, மக்களிடம் கருத்துக் கேட்டு, கவுன்சிலர்கள் முன் வைக்கவேண்டும். அவர்கள் நினைத்தால் மாற்றலாம், தள்ளுபடியும் செய்யலாம். 1994ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 38ஆம் பிரிவு என்று இன்னொரு வழியும் இருக்கிறது. அதில் கவுன்சிலர்களின் ஓட்டு இல்லாமல் அதிகாரிகளே சைக்கிள் வசதி செய்யலாம். பணத்துக்குப் பஞ்சமில்லை. 2020இல் வந்த அரசு, நடைக்கும் சைக்கிளுக்கும் வருஷத்துக்கு 360 மில்லியன் யூரோ, அதாவது நாளைக்குப் பத்து லட்சம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டது. இல்லாதது இடம். இடம் வேண்டுமென்றால் யாரோ ஒருவர் காரை நகர்த்தவேண்டும். அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும் என்பதுதான் கேள்வி.

பழைய கூட்டக் குறிப்புகள் கவுன்சில் இணையத்தில் கிடந்தன. யார் எந்தத் தீர்மானத்துக்கு எப்படி ஓட்டளித்தார் என்று சிலவற்றில் பெயரோடு இருந்தது. பிரசார நோட்டீஸைவிட அது ருசியான வாசிப்பு. "பசுமைப் போக்குவரத்து என் உயிர்" என்று அட்டையில் போட்டிருந்த ஒருவர், பள்ளிக்கூடத் தெருவுக்கு சைக்கிள் பாதைத் திட்டம் வந்தபோது "இன்னும் ஆலோசனை தேவை" என்று தள்ளிவைக்கச் சொன்னவர்.

அங்கே வேட்பாளர்கள் மைக் கட்டி வருவதில்லை. தனியாக, அல்லது கூட ஒரு ஆளோடு வந்து கதவைத் தட்டுவார்கள். நாம் இல்லையென்றால் ஒரு சீட்டைக் கதவிடுக்கில் சொருகிவிட்டுப் போவார்கள். எனக்கு இரண்டு பேர் நேரில் கிடைத்தார்கள்.

முதல் ஆள் இளைஞர். நோட்டீஸில் ஹெல்மெட், இறுக்கமான சட்டை, பந்தய சைக்கிள். ஆகா, நம்ம ஆள் என்று உள்ளே கூப்பிட்டு டீயே போட்டேன். ஞாயிறு தோறும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுவாராம். சரி, அந்த ஆறு கார் நிறுத்தும் இடத்தை எடுப்பீர்களா என்று கேட்டேன். டீ நன்றாக இருக்கிறது என்றார். மறுபடியும் கேட்டேன். எல்லோரையும் அரவணைத்துப் போகவேண்டும், கடைக்காரர்களின் கவலையும் இருக்கிறது, சமநிலை, உரையாடல் என்று ஏதேதோ சொன்னார். எந்தச் சொல்லிலும் தப்பில்லை. என் கேள்விக்கு அதில் பதிலும் இல்லை.

இரண்டாவது ஆள் எழுபதை நெருங்கியவர். மூட்டு வலி, படி ஏறும்போது கதவுச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சைக்கிளை விட்டு முப்பது வருஷம் ஆகிறது என்றார். அதே கேள்வியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எடுக்கத்தான் வேண்டும். சிப்ஸ் கடைக்காரன் என்னோடு பேசமாட்டான்" என்றார். அவர் மனைவி பள்ளிக்கூட வாசலில் 'நில்' பலகை பிடித்துக் குழந்தைகளை ரோடு கடக்க வைக்கிறவராம். "தினம் வீட்டுக்கு வந்ததும் அந்த ரவுண்டானாவைத் திட்டிவிட்டுத்தான் கோட்டைக் கழற்றுவாள்." ஆறு காரா, ஏழா என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். எண்ணிப் பார்த்திருக்கிறார்! ஏழாவது, கர்ப் என்கிற நடைபாதை ஓரக்கல்மேல் ஏறி நிற்கிற முடிதிருத்தகக்காரரின் சொந்தக் கார்.

ஓட்டுச்சாவடி ஒரு பள்ளிக்கூடம். நீளச் சீட்டு, வேட்பாளர்களின் போட்டோ, கட்சிச் சின்னம், கயிறு கட்டின பென்சில். அங்கே முத்திரை குத்துவதில்லை. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எழுதவேண்டும். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். எங்கள் பகுதிக்கு ஆறு இடம். செல்லுபடியான ஓட்டுகளை ஏழால் வகுத்து, அதைவிட ஒன்று கூடுதலாக எடுப்பது கோட்டா. கோட்டாவைத் தாண்டினவரின் உபரி ஓட்டும், கடைசியில் வந்து வெளியேறினவரின் ஓட்டும் அடுத்த எண்ணுக்கு நகர்ந்துகொண்டே போகும். அதனால் எண்ணி முடிக்க நாள் கணக்காகும். பெரியவருக்கு 1 போட்டேன். ஹெல்மெட் தம்பிக்கு 4. கோபத்தில் கடைசியில் தள்ளத்தான் நினைத்தேன், ஆனால் அவருக்குக் கீழே வைக்கவேண்டியவர்கள் இருந்தார்கள். "சைக்கிள்காரர்கள் வரி கட்டட்டும்" என்று சொன்ன ஒருவருக்கு எண்ணே எழுதவில்லை.

எங்கள் அவருக்கு இதெல்லாம் வேடிக்கை. "எலெக்ஷனுக்கு இவ்வளவு படிச்சியே, ஓஇடி இங்கிலீஷ் பரீட்சைக்கு இப்படிப் படிச்சிருந்தா முதல் தடவையே பாஸாகியிருப்ப" என்றார். நியாயம்தான்.

பெரியவர் ஜெயித்தார். கோட்டாவை எட்டாமலே, கடைசி எண்ணிக்கையில், கடைசி இடத்தில். ஹெல்மெட் தம்பியும் ஜெயித்தார், வசதியாகவே.

ஒன்றரை வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் இந்த நவம்பரில், நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், சிப்ஸ் கடை எதிரே கம்பத்தில் ஒரு அறிவிப்பு தொங்கியது. பழைய கேபிள் டை மீசைக்குப் பக்கத்திலேயே புது டை போட்டுக் கட்டியிருந்தார்கள். பகுதி 8. ரவுண்டானா வரைக்கும் கர்ப் வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை. கருத்துச் சொல்ல ஜனவரி வரை நேரம்.

அதைத்தான் இப்போது திண்ணையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா மையிட்ட விரலால் என் லேப்டாப் திரையில் வரைபடத்தைத் தொட்டார்.

"இது என்னம்மிணி, கட்டம் கட்டமா?"

"அதுதானுங்கப்பா கார் நிக்கிற இடம். எடுத்தர்றாங்க."

"அப்ப மருந்துக்கடைக்கு வர்ற கெழடு கட்டைக எங்க வண்டிய நிறுத்தும்?"

"கடைக்குப் பின்னாடி ஒரு காலி இடம் கெடக்குதுங்கப்பா."

"அதுக்கு வழி இருக்கா?"

யோசித்துப் பார்த்தேன். முடிதிருத்தகத்தை ஒட்டி ஒரு சந்து உண்டு. குப்பைத்தொட்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கும்.

"இருக்குதுங்க."

"அப்ப அதையும் எழுது" என்று சொல்லிவிட்டு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார், யார் யார் எந்தப் பட்டனை அமுக்கினார்கள் என்று விசாரிக்க.