ரோபஸ்ட் என்றால் நின்றுபிடிப்பது

வெள்ளவத்தையில் வேலை விண்ணப்பங்களைத் திருத்தித் தரும்படி என்னிடம் வரும் பிள்ளைகளின் ஆங்கிலத்தில், ‘ரோபஸ்ட்’ என்ற பெயரடை இப்போது அடிக்கடி தலைகாட்டுகிறது. ‘ஸ்ட்ரோங்’ பள்ளிக்கூடச் சொல்லாகத் தெரிவதால், அதைவிடக் கனமானதென்று எண்ணி இதை அந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். இரண்டும் வலிமையையே குறித்தாலும், ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைக்க எல்லா இடங்களிலும் முடியாது.

ஒன்றுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதை ஸ்ட்ரோங் சொல்லும். அடி விழுந்த பிறகும் அது நின்றுபிடிக்குமா என்பதை ரோபஸ்ட் சொல்லும். பலத்த காற்றை யாரும் ரோபஸ்ட் என்பதில்லை. அந்தக் காற்றில் கூரை பறக்காமல் நின்ற வீட்டை அப்படிச் சொல்லலாம். ‘ரோபஸ்ட் அனுபவம்’ என்று எழுதினால் வாசிப்பவருக்கு நெருடுவதும் இதனாலேயே. ஆளைப் பற்றிச் சொல்லும்போது, நோய் நொடி எளிதில் அண்டாத திடகாத்திரமான உடம்பையே அது குறிக்கும்.

இலத்தீனில் ‘ரோபுர்’ என்பது ஓக் மரத்தையும் அதன் கடினமான கட்டையையும் வலிமையையும் ஒருசேரக் குறித்தது; அதிலிருந்தே இச்சொல் பிறந்தது. முதுமையிலும் தளராதவரை ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்கிற நமக்கு இந்தப் பொருள் ஏறிய வழி புதிதன்று.

ரோபஸ்டா கோப்பியின் பெயரிலும் இதே வேர்தான் இருக்கிறது. 1869இல் இலங்கையில் பதிவாகி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட இலைத்துரு நோய்க்கு, அரபிக்கா இனத்தைவிட ரோபஸ்டா நன்றாகத் தாக்குப்பிடிக்கக் கூடியது.

சொல்லின் பொருள் மிகத் துல்லியமாக நிற்பது, என் கணிப்பில், புள்ளிவிபரவியலில்தான். 1953இல் புள்ளிவிபரவியலாளர் ஜோர்ஜ் பொக்ஸ் அங்கே இதைக் கலைச்சொல்லாகக் கையாண்டார். ஓர் அலுவலகத்தில் நால்வருடைய மாதச் சம்பளம் 40,000, 45,000, 50,000, 55,000 ரூபாய் என்றும், ஐந்தாமவரான பணிப்பாளருடையது 10 இலட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். இடை, அதாவது சராசரி, 2,38,000 ரூபாய் வருகிறது. அந்த ஐவரில் ஒருவருக்கும் அந்தத் தொகைக்குக் கிட்டவான சம்பளம் இல்லை. சம்பளங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடையமோ 50,000. பணிப்பாளரின் சம்பளத்தை 20 இலட்சமாக்கினாலும் இடையம் அசையாது. ஒரேயொரு எண் தாறுமாறாகப் போனாலும் குலையாத இப்படிப்பட்ட அளவையையே ரோபஸ்ட் என்கிறார்கள். பாவிப்பவர் பிழையான தரவை உள்ளிட்டாலும் முடங்கிப்போகாத மென்பொருளுக்கும் இதே பெயர்தான்.

பொருளாதார அறிக்கைகளில் வரும் ‘ரோபஸ்ட் வளர்ச்சி’ பெரும்பாலும் ‘நல்ல வளர்ச்சி’ என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. அங்கே சொல் தேய்ந்துவிட்டது என்றே நினைக்கிறேன். விவாதத்துக்கு அடைமொழியாக வரும்போது சற்று எச்சரிக்கை வேண்டும். பேச்சுவார்த்தையில் ‘ரோபஸ்ட் கருத்துப் பரிமாற்றம்’ நடந்ததாக இராஜதந்திரிகள் சொன்னால், இரு தரப்பும் முகத்துக்கு நேரே கடுமையாகப் பேசிக்கொண்டன என்பதன் நாகரிகமான வடிவம் அது. உறவு பலமாக இருக்கிறது என்று அதைத் தமிழாக்கினால் செய்தியே தலைகீழாகிவிடும்.