ஜர்னல் கிளப்புக்கு முன்னால் ஓ.பி.யில் கேட்ட கேள்வி

புதுச்சேரியில் மனநல மருத்துவம் பிஜி சேர்ந்த முதல் வருடம் ஜர்னல் கிளப், அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையை எல்லோர் முன்னும் அலசும் வகுப்பு, என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். முந்தின இரவு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு, முடிவு தற்செயலா என்று சோதிக்கும் புள்ளிவிவர எண்ணைப் பிடித்துக்கொண்டு, "பி வேல்யூ 0.05-க்குக் கீழே, அதனால் மருந்து வேலை செய்கிறது" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன்.

அதை மாற்றியவர் நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா. மகனுக்கு மனச்சிதைவு. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய வாரங்கள் கொடுத்தும் காதில் குரல் நிற்கவில்லை. க்ளோசபின் தொடங்கலாம் என்றோம். "இதுல புள்ளைக்குச் சரியாப் பூடுமா டாக்டரம்மா?" என்றார். "நல்ல மருந்தும்மா" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அன்றிரவுதான் ஜான் கேனும் சகாக்களும் 1988-இல் வெளியிட்ட ஆய்வை முழுதாக வாசித்தேன். பல மருந்துகளுக்கும் கேட்காத 268 பேர், 6 வாரம். க்ளோசபினில் 30 சதவீதம் பேர் தேறினார்கள், பழைய மருந்தான க்ளோர்ப்ரோமசினில் 4 சதவீதம். வித்தியாசம் 26. நூறை 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 4. நான்கு பேருக்குக் கொடுத்தால், பழைய மருந்தில் தேறியிருக்காத ஒருவர் கூடுதலாகத் தேறுவார். இந்த எண்ணுக்குப் பெயர்தான் என்.என்.டி.: ஒருவர் கூடுதலாகத் தேற எத்தனை பேருக்குச் சிகிச்சை தர வேண்டும் என்ற கணக்கு. அதைத் தேர்வுக்காக எத்தனையோ முறை மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த அம்மாவை நினைத்துப் போட்ட கணக்குதான் நின்றது. வாய்மொழித் தேர்வான வைவாவிலும் அதுவே கைகொடுத்தது.

இப்போது ஜூனியர்களிடம், ஜர்னல் கிளப்புக்கு அந்த வாரம் ஓ.பி.யில் பதில் சொல்லத் திணறிய கேள்வியோடு வரச் சொல்கிறேன். யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுத்தான் தேட வேண்டும். கட்டுரை கிடைத்ததும் நேராக ஆய்வு முறைப் பகுதிக்குப் போங்கள். குலுக்கல் முறையில் பிரித்தார்களா? நடுவில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? நோய் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பெண் போட்டவருக்கு யார் எந்த மருந்தில் இருக்கிறார் என்று தெரியுமா? நம் துறையில் கடைசிக் கேள்விக்குக் கனம் அதிகம். நம் அளவுகோல்கள் பெரும்பாலும் ஒரு மனிதர் எதிரில் உட்கார்ந்து பேசிப் போடும் மதிப்பெண்கள். க்ளோசபின் எடுப்பவருக்கு எச்சில் வழியும். அதைப் பார்த்தே மருந்தை ஊகித்துவிடலாம். இதை ஜூனியர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை.

கணக்கோடு அந்த அம்மாவிடம் திரும்பப் போனேன். நான்கு விரல்களைக் காட்டி விளக்கினேன். வெள்ளணு குறையக்கூடும் என்பதால் முதல் 18 வாரமும் வாரந்தோறும் ரத்தம் பார்க்க வேண்டும் என்றேன். "வாரத்துல ஒரு நாள் கூலி போயிடுமே" என்றார். எந்த ஆய்விலும் அதற்குப் பதில் இல்லை. கடலூரிலேயே ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். அதன்பிறகே சம்மதித்தார்.